உறுமாத வண்டிக்கு ஒரு டர்ன்

புரட்டாசி 3, வெள்ளி

இந்த டைரி டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை மாதம் சும்மா கிடந்தது. வாயால் சொல்ல முடியாததை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் இன்று எடுத்தேன்.

பிற்காலத்தில் யாராவது படித்தால் தெரியட்டும்: என் பெயர் அங்கமுத்து. கொல்லிமலை செம்மேட்டு டாக்ஸி ஸ்டாண்டின் தலைவர். அடிவாரம் காரவள்ளியிலிருந்து எங்கள் ஊர் வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் கண்ணை மூடிப் படுத்திருந்தால், ஏறி வருவது யார் வண்டி, எந்த கியரில் வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என்னுடையது பெட்ரோல் கார். பெட்ரோல் வாசனை இல்லாத டிரைவர் திருநீறு பூசாத பூசாரி மாதிரி என்பது என் கட்சி.

அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் இன்று ஒரு மின்சாரக் கார் நிற்கிறது. பச்சை நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து. கொண்டுவந்தவள் என் பெஞ்சாதி வளர்மதி. அவளுடைய மகளிர் குழுவுக்கு வந்த வண்டி. ஓட்டத் தெரிந்தவள் குழுவில் இவள் ஒருத்திதான், ஆறு வருஷமாகக் குழுவின் பலாப்பழ லோடு வண்டியை மலைமேல் ஓட்டுகிறாள். அது வயல் வரப்புச் சமாச்சாரம், நான் பொருட்படுத்தியதில்லை. இது அப்படியில்லை. ஸ்டாண்டு வரிசையில் நின்று சவாரி எடுக்க டர்ன் வேண்டுமாம்.

என் ஸ்டாண்டில்!

புரட்டாசி 4, சனி

வண்டி வாசலுக்கு வந்தது எனக்குத் தெரியவே இல்லை. முற்றத்தில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். திரும்பினால் பின்னால் நிற்கிறது. கன்னத்தில் கீறல்.

"ஏனுங்க மாமா, ரத்தம் வருதுங்களே" என்றாள்.

"வண்டின்னா வர்றது தெரியோணும். இது என்ன, பூனையா?"

"பூனைதான். நம்ம ஊட்டுப் பூனை" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். புரட்டாசி சனிக்கிழமை வேறு. கோபத்துக்கு ஒரு கோழியைக்கூட அடிக்க முடியாது.

புரட்டாசி 6, திங்கள்

ஸ்டாண்டில் கூட்டம். மாரப்பன்தான் ஆரம்பித்தான். டீசல் ஜீப் வைத்திருப்பவன், என் இருபது வருஷக் கூட்டாளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"தலைவரே, சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஏத்தம் பாக்காம டர்ன் கெடையாது. உங்க ஊட்டுக்காரம்மாங்கறதுக்காக விட முடியாது."

விடச் சொல்லி யார் கேட்டது? ஏத்தம் என்பது எங்கள் ஸ்டாண்டின் வழக்கம். விஜயதசமி அன்று மட்டும் நடக்கும். ஸ்டாண்டு ஆட்கள் நான்கு பேர் புது வண்டியில் ஏறி உட்காருவார்கள். காரவள்ளிக்கு இறங்கி, திருப்பி, எங்கும் நிறுத்தாமல் ஏறி வர வேண்டும். வந்து நின்றதும் பானெட் மேல் உள்ளங்கையை வைப்போம். கை பொறுத்தால் வண்டி தேறியது. சுட்டுக் கையை எடுத்துவிட்டால் அடுத்த வருஷம்தான். கொதித்துப்போகும் வண்டியை நம்பி வெளியூர் ஆட்களை இந்த மலையில் ஏற்ற முடியாது. என் காருக்கு அந்தக் காலத்தில் கை வைத்தவர்கள் இன்றுவரை பேசுகிறார்கள்.

வளர்மதியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மாரப்பன் அதோடு விடவில்லை. "கரண்டு மட்டும் மரத்துலயா காய்க்குது, தங்கச்சி? எங்கியோ கரி எரிச்சுத்தான வருது? அப்பறம் என்ன சுத்தம் சுகாதாரம்னு பேச்சு?"

"கரியிலயும் வருதுங்கண்ணா, காத்தாடியிலயும் வருது, வெயில்லயும் வருது. உங்க ஜீப்பு டீசலத் தவுத்து எதையும் குடிக்காதுங்களே" என்றாள். "பள்ளிக்கூடப் புள்ளைங்க நம்ம ஸ்டாண்டத் தாண்டறப்ப மூக்கப் புடிச்சுக்கிட்டு ஓடறதப் பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. விளையாட்டுக்கு ஓடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே விஷயத்தைச் சொன்னாள். ஸ்டாண்டில் டர்ன் கிடைத்தால்தான் வண்டி இவளிடம் இருக்கும். இல்லாவிட்டால் குழு அதைக் கீழ்நாட்டில் வேறு குழுவுக்குத் தந்துவிடுமாம். அடுத்த வருஷம் வரை காத்திருக்க மாட்டார்கள்.

"போனாப் போவுது" என்றேன்.

அவளிடம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். என் சட்டைகளை அவள் எப்போதும் தனி வாளியில், வெளியேதான் ஊறவைப்பாள்.

புரட்டாசி 8, புதன்

ஸ்டாண்டு வாசலில் சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். இன்று நின்று பார்த்தேன். அவ்வளவுதான், வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

புரட்டாசி 11, சனி

சென்னைக் குடும்பம் ஒன்றை ஏற்றிவந்தேன். இருபதாவது வளைவிலேயே பின்சீட்டில் ஆரம்பம். எலுமிச்சம்பழம், கவர், தண்ணீர் எல்லாம் தயாராக வைத்திருப்பேன். இந்த மலையில் வாந்தி எடுக்காத ஆள் யார்? வளர்மதியே, கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் வண்டியில் ஏறினால் எடுப்பாள். மலைக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய பிறந்த ஊர் ஆலங்காடு, மலைக்கு நேர் கீழே. எங்கள் காட்டு மேட்டில் நின்றால் அந்த ஊர்க் கோயில் தெரியும். இருந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்குத்தான் போவாள். மற்றவன் பெண்டாட்டிகள் மாதம் இரண்டு தடவை தாய்வீடு என்று கிளம்புகிறார்கள். தாய்வீட்டுப் பைத்தியம் இல்லாத பொம்பளை என்று நான் ஸ்டாண்டில் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்!

சாயங்காலம் போனால் அந்த மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். மிளகுக் கொடி பார்த்தேன் என்றாள். அங்கே மிளகுக் கொடி கிடையாது.

புரட்டாசி 13, திங்கள்

அவளுக்குத் தெரியாமல் அவள் வண்டி ஓட்டுவதைப் பார்த்தேன். தெரியாமல் என்றால் ஒளிந்து அல்ல. அரப்பளீஸ்வரர் கோயில் சாலையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன், அவள் குழுப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

திருப்பத்தில் அவள் ஸ்டியரிங்கை வளைக்கும் விதம் அழகாக இருக்கிறது. பதற்றமில்லை. முன்னால் போன பஸ் கக்கிய புகைக்கு எட்டாமல் தள்ளியே வந்தாள். டீக்கடைக்காரர், "யாருங்க தலைவரே அந்தம்மா? நல்லா ஓட்டறாங்க" என்றார். "யாரோ" என்றுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டீ நன்றாக இல்லை.

புரட்டாசி 15, புதன், ஆயுத பூஜை

காலையில் ஸ்டாண்டு பூஜை. வழக்கம்போல எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தோம். மலையே அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்க்கும், இன்றும் சிலிர்த்தது. புகை அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூசாரி இருமிக்கொண்டே தீபம் காட்டினார். வளர்மதி வண்டியைச் சற்றுத் தள்ளி வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தாள். அவளுக்கு இன்னும் டர்ன் இல்லையே, வரிசையில் நிற்க முடியாது. பூஜை இல்லாமல் ஒரு வண்டி ஓரமாக நிற்பது எனக்கு என்னவோ போலிருந்தது.

மத்தியானம் ஏழரை ஆரம்பித்தது.

நாளைக்கு ஏத்தம். அவள் வண்டியில் சார்ஜ் இருபத்தெட்டு சதவீதம்தான் மிச்சம். குழுப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறாள். பூஜை முடிந்து போடலாம் என்றிருந்தாள். வயரைக் கொண்டுபோய்ச் சொருகப் பார்த்தால், சார்ஜ் போடும் துளை முழுக்கச் சந்தனம். மேலே குங்குமம். காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது.

யாரோ வைத்துவிட்டிருக்கிறார்கள். பழக்கதோஷம். பெட்ரோல் வண்டிக்கு டேங்கு மூடியில்தான் முதல் பொட்டு வைப்போம், அதுதானே வண்டி சாப்பிடும் வாய்? மின்சார வண்டிக்கும் அது வாய்தானே என்று, நல்ல எண்ணத்தில், பூஜை இல்லாமல் நிற்கிறதே என்ற வருத்தத்தில் யாரோ வைத்திருக்கலாம். மூடியோடு விட்டிருக்கலாம். கொஞ்சம் தாராளமாக, உள்ளேயும் அப்பிவிட்டார்கள்.

கம்பெனிக்கு போன் போட்டாள். தண்ணீர் விடாதீர்கள், குச்சி விட்டு நோண்டாதீர்கள், சேலத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆள் வருவார் என்றார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் போனேன். "தொடாதீங்க" என்றாள்.

பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தாள். "ஜவ்வாது கலந்த சந்தனம்" என்றாள்.

எங்கள் ஸ்டாண்டில் சந்தனத்தில் ஜவ்வாது கலக்குகிற ஆள் ஒருத்தன்தான். அது யார் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. சிரிப்பில் வந்ததுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

மாரப்பனிடம் போய், ஒருநாள் தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். நான், தலைவர், கேட்டேன்.

"தலைவரே, என் தம்பி வண்டிக்கு ஒருநாள் தள்ளச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

விஜயதசமி என்றால் விஜயதசமிதான் என்று சொன்னேன். ஞாபகம் இருக்கிறது.

புரட்டாசி 16, வியாழன், விஜயதசமி

எதையும் விட்டுவிடாமல் வரிசையாக எழுதுவேன்.

காலையில் அவள் குளித்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "வளரு, இருபத்தெட்டு பத்தாது. எறங்கப் பாதி, ஏறப் பாதின்னு வெச்சாலும் ஏறையில நடுமலையில நின்னுரும். வேண்டாம்னு சொல்லிரலாம்" என்றேன்.

"உங்க வண்டிக்குத்தாங்க எறங்கறதுக்கும் எண்ணெய் வேணும். நீங்க ஏறி உக்காருங்க" என்றாள்.

தலைவர் என்ற முறையில் நான் முன்சீட்டில். பின்னால் மாரப்பன், குழந்தைவேலு, பெயருக்கு மாறாகப் பெரிய உடம்புக்காரரான சின்னப்பையன். ஓட்டுகிறவன் வேறு, உட்கார்ந்து வருகிறவன் வேறு. டிரைவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்தால் எல்லோரையும்விட முதலில் வாந்தி எடுப்பவர்கள் அவர்கள்தான். அதனால் மூன்று பேரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

இறங்க ஆரம்பித்தோம். அவள் பிரேக்கை மிதிக்கவே இல்லை. காலை எடுத்தால் போதும், வண்டி தானாகவே பிடித்துப் பிடித்து இறங்குகிறது. என் வண்டியில் ஐம்பதாவது வளைவு தாண்டும்போது பிரேக் கருகும் வாடை வந்துவிடும். இங்கே ஒன்றுமில்லை. காட்டின் வாசனை வருகிறது. இந்தச் சாலையில் பூ வாசனை இருக்கும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

குழந்தைவேலுதான் முதலில் கத்தினான். "தலைவரே, அந்த நம்பரப் பாருங்க! ஏறுது!"

இருபத்தெட்டு முப்பதாகியிருந்தது. முப்பத்திரண்டு. முப்பத்து நான்கு. இறங்க இறங்க அந்த வண்டி சாப்பிடுகிறது. காரவள்ளியில் முப்பத்தாறு. இத்தனை வருஷம் நான் இந்த மலையை எத்தனை முறை இறங்கியிருப்பேன், மலை எனக்கு ஒரு சொட்டு பெட்ரோல் திருப்பித் தந்ததில்லை.

"முப்பத்தாறு போதுமா?" என்றான் மாரப்பன்.

"போதும்னு நெனைக்கறனுங்கண்ணா. ஏசி போட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். அப்போதுதான் அவள் கழுத்தில் வியர்வையைப் பார்த்தேன். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது.

ஏறும்போது நம்பர் கரைய ஆரம்பித்தது. நான்கு பேரும் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பதாவது வளைவு தாண்டி ஒரு திருப்பம், அங்கிருந்து கீழ்நாடு முழுக்கத் தெரியும். மாரப்பனால் வாயை அடக்க முடியவில்லை. "ஏம் தங்கச்சி, இத்தன பாடு எதுக்கு? தலைவரு சம்பாதிக்கறது பத்தலையா?"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அதோ தெரியுது பாருங்க கோயிலு, அதாங்கண்ணா எங்க அம்மா ஊரு. பெட்ரோல் வாடை எனக்கு ஆவாது. கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு இந்த வளைவுலதான் மொத தடவை வண்டிய நிறுத்தச் சொன்னேன். ஒருக்கா போயிட்டு வந்தா மூணு நாளு எந்திரிக்க முடியாது. பஸ்ஸுலயும் அதேதான். அதுக்கே பொங்கலுக்கு மட்டும்னு போறதக் கொறச்சுக்கிட்டேன். லோடு வண்டி ஓட்டறப்பதான் தெரிஞ்சுது, நானே ஓட்டுனா வளைவு என்னைய ஒண்ணும் பண்ணறதில்ல. வாடைதான் பாக்கி இருந்துது. இதுல அதுவும் இல்ல. அம்மாவுக்கு எழுவத்தெட்டு ஆச்சுங்கண்ணா. டர்னு இருந்தா தெனமும் சவாரி எறக்கிட்டு எட்டிப் பாத்துட்டு வரலாமில்ல?"

வண்டியில் சத்தமே இல்லாததால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. என் காராக இருந்திருந்தால் பாதி கேட்டிருக்காது.

மாரப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். தாய்வீட்டுப் பைத்தியம் இல்லாத பொம்பளை என்று நான் பெருமை பேசும்போதெல்லாம் அவன் பக்கத்தில்தான் இருப்பான். நான் வெளியே பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது, அதைப் பார்த்தேன்.

அவளிடம் இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. மலைக் காற்று என்று நானே முடிவுகட்டிவிட்டேன். மலைக் காற்று பாவம், அது என்ன செய்தது?

அறுபதாவது வளைவில் பதினொன்று. மஞ்சள் விளக்கு எரிந்தது. அறுபத்தைந்தில் ஒன்பது. சின்னப்பையன், "நான் வேணா எறங்கி நடந்து வர்றனுங்க, பாரம் கொறையும்" என்றார். "எறங்குனா ஏத்தம் செல்லாதுங்க" என்றவன் மாரப்பன். அதைச் சட்டம் பேசுகிற குரலில் சொல்லவில்லை, வண்டி ஏறிவிட வேண்டும் என்று பயப்படுகிறவன் குரலில் சொன்னான். நானும் முன்சீட்டில் உட்கார்ந்து காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன், மிதித்தால் வண்டி போகும் என்பதுபோல.

எழுபது. ஸ்டாண்டு. ஐந்து சதவீதம்.

மூன்று எலுமிச்சம்பழமும் முழுசாக இருந்தன. ஒருவன்கூட நகத்தால் கீறிப் பார்க்கவில்லை.

கை வைக்கத் தலைவரைக் கூப்பிட்டார்கள். நான் வைக்கவில்லை. சொந்தப் பெண்டாட்டி வண்டிக்கு நானே கை வைத்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மாரப்பனை வைக்கச் சொன்னேன்.

அவன் பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. அடுத்த கையையும் வைத்தான். பிறகு குனிந்து கன்னத்தை வைத்தான், அந்தக் கிறுக்கன். "என்னங்கய்யா இது, ஓடி வந்த வண்டியா, ஊட்டுல நின்ன வண்டியா? வெதுவெதுன்னுகூட இல்ல!"

கூட்டம் சிரித்தது. அவன் நிமிர்ந்து, "தங்கச்சி, வரிசையில வண்டியப் போடு" என்றான்.

வளர்மதி வண்டியை எடுத்துவந்து வரிசையில் நிறுத்தினாள். எங்கே தெரியுமா? என் காருக்கு அடுத்து. நான் கைதட்டியிருக்கக் கூடாது, தலைவருக்கு அது அழகில்லை. கைதட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினேன்.

புரட்டாசி 17, வெள்ளி

சேலத்து ஆள் வந்து சுத்தம் செய்துகொடுத்தார். "யாருங்க இப்புடி அப்புனது?" என்று கேட்டார். வளர்மதி, "எம்மேல அன்பா இருக்கறவங்க" என்றாள். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

டீக்கடைக்காரரிடம், அன்றைக்கு நீங்கள் கேட்ட அந்தம்மா என் பெஞ்சாதி என்று சொன்னேன். "எனக்குத் தெரியுமுங்க தலைவரே, ஊருக்கே தெரியும்" என்றார்.

புரட்டாசி 19, ஞாயிறு

எங்கள் ஸ்டாண்டில் முதல் டர்ன் காசுக்கு ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர் மனசு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும். மாரப்பன் பழனிக்குப் போனான். நான் அந்தக் காலத்தில் நாமக்கல்லுக்குப் போய்ப் படம் பார்த்தேன்.

வளர்மதி ஆலங்காட்டுக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல சவாரி நாள். என் காரை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஏறினேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் நடப்பது எனக்குத் தெரியும். வீட்டு வாசலில் இறங்குவாள், வெளுத்த முகத்தோடு போய்ப் பாயில் சுருண்டு படுப்பாள். அத்தை விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் கிளம்பிவிடுவோம். தாயும் மகளும் பேசி நான் பார்த்ததே இல்லை.

இன்று அவள் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, சாவியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். போனவள் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா, பசிக்குது. சோறு போடு."

அத்தை அப்படியே நின்றுவிட்டார். பிறகு அடுப்படிக்கு ஓடினார், அந்த வயதில் ஓட்டம்தான். உள்ளே பாத்திரச் சத்தமும் இருவர் பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அழுதேன் என்றே எழுதிக்கொள்ளலாம், என் டைரிதானே.

வண்டியைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பச்சை பிளேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏனுங்க மாப்ள, எழுவது வளைவும் இதுலயா எறங்கி வந்தீங்க? நீங்க பெரிய டிரைவராச்சே, வேற யாரால முடியும்!"

எழுந்து நின்றேன். துண்டைச் சரிசெய்துகொண்டேன். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஓட்டுனது உங்க ஊருப் பொண்ணுங்க. நான் உக்காந்துக்கிட்டு வந்தவன்."